கத்தரி பட்ட கணக்கு

கோம்பைத் தோட்டம், திருப்பூர்
17-7-1994

என் சாமி நூருல்லாவுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதையெல்லாம் கடைசியில் கேட்கிறேன். முதலில் இதைக் கேள். இன்றைக்கு உன் அம்மா காலேஜுக்குப் போய்விட்டு வந்திருக்கிறாள்! வாசலில் வாட்ச்மேன், "பொண்ணச் சேர்த்தறதுக்கு வந்தீங்களாம்மா? ஆபீஸ் நாளைக்குத்தானுங்க" என்றார். "படிக்க வந்த பொண்ணே நாந்தானுங்க" என்றேன். மயிலாள் சிரித்த சிரிப்பில் கையில் இருந்த குடை கீழே விழுந்துவிட்டது. மயிலாளை உனக்குத் தெரியும். கம்பெனியில் செக்கிங் டேபிளில் எனக்கு எதிரே நின்று பனியனில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பவள். தனியாகப் போகப் பயந்து நான்தான் அவளையும் இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்தேன்.

வகுப்பு ஞாயிற்றுக்கிழமை மட்டும். பிளஸ் டூ படிக்காதவர்களுக்கான ஆயத்தப் படிப்பு இது. இதில் தேறினால்தான் பி.காம். சேர முடியும். சேர்ந்துவிட்டால் ஆபீசில் உட்கார்ந்து பார்க்கிற வேலை தருவதாக முதலாளி வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். தமிழ், பொது அறிவு எல்லாம் எப்படியோ தள்ளிவிடுவேன். இயற்கணிதம் என்று ஒன்று இருக்கிறது பார், அதுதான் என் உயிரை எடுக்க வந்திருக்கிறது. அர்த்தநாரி சார் போர்டில் x என்று எழுதினார். "இது என்னன்னு நமக்குத் தெரியாதுங்க. தெரியாததுக்கு ஒரு பேரு வெச்சுக்கறோம், அவ்வளவுதானுங்க" என்றார். தெரியாததைத் தெரியாமலே விட்டுவிட வேண்டியதுதானே, அதை எதற்குப் போட்டு நோண்டுவது? எனக்கு உள்ளங்கை வேர்த்து, காது அடைத்துக்கொண்டது. தண்ணீர் குடிப்பதாகச் சொல்லிவிட்டுக் குழாயடியில் போய் நின்றுகொண்டேன்.

ஒன்பதாம் வகுப்பில் கணக்கு டீச்சர் போர்டுக்குக் கூப்பிட்டதும் மயங்கி விழுந்தவள் நான். அன்றோடு என் படிப்பு நின்றது. இத்தனை வருஷம் கழித்தும் அந்தச் சாக்பீஸ் வாசனை வந்ததும் வாசல் எங்கே என்று கண் தேடுகிறது.

உனக்கோ கணக்கு தண்ணீர் பட்ட பாடு. பரீட்சை எழுதித்தானே அந்த ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் இடம் வாங்கினாய். எட்டாவதில் பிள்ளைகளுக்கும் இதே பாடம்தான் என்று சார் சொன்னார். எனக்குப் புரிகிற மாதிரி எழுதி அனுப்பு, கண்ணு. உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

அம்மா
சபுரா பீவி


அமராவதி நகர்
24-7-1994

அம்மாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கடைசியில் கேட்பதாக எழுதியிருந்தீர்கள். கடைசி வரை படித்தேன். கேட்கவில்லை.

சாப்பிட்டேன். தூங்கினேன்.

ஜூன் மாதம் என்னை இங்கே கொண்டுவந்து விட்டபோது, உடுமலை பஸ் ஸ்டாண்டில் என் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஒன்று சொன்னீர்கள். "இந்தக் கணக்குப் பேப்பர் பெயிலாயிட்டேன்னா காலேஜும் வேண்டாம், ஒரு கெரகமும் வேண்டாம். உன்னக் கூட்டிட்டு வந்து பழையபடி ஒட்டுக்கா இருந்துக்கலாம் சாமி" என்றீர்கள். அப்படியானால் பாஸானால் என்ன? அதை நீங்கள் சொல்லவில்லை. நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். பி.காம். மூன்று வருஷம். அதுவரை நான் இங்கேயே இருக்க வேண்டும்.

இங்கே எல்லோருக்கும் படிப்பதற்குத்தான் நேரம் இருக்கிறது. மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க நேரம் இல்லை.

நூருல்லா


திருப்பூர்
7-8-1994

ஏண்டா, உனக்கு இவ்வளவு ரோஷமா!

சரி, கேட்காதது என் தப்புதான். சாப்பிட்டாயா சாமி? சோறு வேகிறதா, குழைகிறதா? இருமல் நின்றதா? தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா? இனி எல்லாக் கடிதத்திலும் இதை முதல் வரியிலேயே கேட்டுவிடுகிறேன், போதுமா?

உன்னை நான் சும்மா கொண்டுபோய்த் தள்ளிவிடவில்லை. அத்தா மவுத்தாகி நம்மைத் தனியாக விட்டுப் போன பிறகு நான் ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வருவதற்குள் நீ யார் வீட்டு வாசலில் நின்றாய்? அத்தாவோடு பிறந்தவர் என்கிற உரிமையில் சின்னத்தா நஜீமுதீன், "பையன் கோடவுனுக்கு வரட்டும், தொழிலப் பழகட்டும்" என்று சொல்லி உன்னைக் கட்டிங் வேஸ்ட் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார வைத்தார். பள்ளிக்கூடம் போகிற நாளைவிடப் போகாத நாள் அதிகமாயிற்று. பஞ்சுத் தூசியில் நீ இருமிய இருமல் இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை. அவர் கெட்டவர் இல்லை. அவர் பிள்ளைகளும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் என் பிள்ளை அங்கே உட்காரக்கூடாது.

பஸ் ஸ்டாண்டில் சொன்னது உண்மைதான். நீ என் முந்தானையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாய், எனக்கு வேறு பேச்சு வரவில்லை. சொன்ன சொல்லை மாற்ற மாட்டேன். ஆனால் பெயிலாக வேண்டும் என்று நான் படிக்கவில்லை, தெரிந்துகொள்.

இந்தக் கணக்கைப் பார்: 3x + 5 = 20. இதில் அந்த ஐந்தை என்ன செய்வது? சார் சொல்லும்போது தலையை ஆட்டுகிறேன், உட்கார்ந்தால் மறந்துபோகிறது. புத்தகத்தைத் திறந்தாலே கண் இருட்டுகிறது. மயிலாள் என்னைவிட மோசம். அவள் என் நோட்டைப் பார்க்கிறாள், நான் அவள் நோட்டைப் பார்க்கிறேன். இரண்டிலும் ஒன்றும் இல்லை. கெஞ்சிக் கேட்கிறேன், சொல்லிக் கொடுடா.

அம்மா


அமராவதி நகர்
15-8-1994

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். இன்றைக்குக் கொடியேற்றிய பிறகு மிட்டாய் கொடுத்தார்கள். எங்களை அணைக்குக் கூட்டிப்போய் முதலைப் பண்ணை காட்டினார்கள். சோறு குழைவதில்லை. இருமல் இல்லை.

நீங்கள் கேட்டதைச் சொல்கிறேன். மிகவும் சுலபம். சமக்குறி என்பது ஒரு வேலி. x-ஐ மட்டும் ஒரு பக்கம் நிறுத்திவிட்டு மற்றதையெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் அனுப்ப வேண்டும். அனுப்பும்போது அது என்ன குறியோடு இருக்கிறதோ அதே குறியோடு போக வேண்டும். நீங்கள் திருப்பூரில் சபுரா பீவி என்றால் உடுமலைக்கு வந்தாலும் சபுரா பீவிதானே? அது மாதிரி. உங்கள் கணக்கைப் போலவே வேறொன்று போட்டுக் காட்டுகிறேன்.

3x + 6 = 21. ஆறைக் கூட்டல் குறியோடு அனுப்புங்கள். 3x = 21 + 6. அதாவது 27. மூவொன்பது இருபத்தேழு. ஆகவே x = 9.

இன்னொன்று. 2x − 4 = 10. நாலைக் கழித்தல் குறியோடு அனுப்புங்கள். 2x = 10 − 4. அதாவது 6. ஆகவே x = 3.

இதை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். புத்தகம் பார்த்தால் குழம்பிவிடும். பார்க்க வேண்டாம். நிறையப் பழகுங்கள் அம்மா.

முடிந்தால் ரஸ்க் அனுப்புங்கள்.

உங்கள்
நூருல்லா


திருப்பூர்
4-9-1994

சாப்பிட்டாயா சாமி? தூங்கினாயா? எண்ணெய் வைத்தாயா?

என் ராசா, உன் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும்! ரஸ்க்கோடு நெய் பிஸ்கட்டும் சேர்த்து அனுப்புகிறேன். புரிந்துவிட்டதடா எனக்கு. உட்கார்ந்து போட்டுக்கொண்டே இருக்கிறேன், சொன்ன பேச்சைக் கேட்டு வருகிறது கணக்கு. முதல் தடவையாக உள்ளங்கை வேர்க்கவில்லை. போட்டு முடித்துவிட்டுக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டேன், வேறு யாருடைய கையோ என்று.

வகுப்பில் சார் வேறு என்னமோ மாதிரி சொன்னதாகக் காதில் விழுந்தது. ஆனால் அவர் வேகமாகப் போகிறவர். நீ சொன்னதுதான் எனக்கு ஒட்டுகிறது. "திருப்பூரில் சபுரா, உடுமலையிலும் சபுரா" என்று டீ நேரத்தில் மயிலாளுக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டேன். "உன்ற பையன் வாத்தியாராப் போலாமே புள்ளே!" என்று அவளுக்கு ஒரே ஆச்சரியம். இப்போது செக்கிங் டேபிளில் எதிரும் புதிருமாக நின்றுகொண்டு, கை பனியனைப் புரட்ட, வாய் கணக்குச் சொல்கிறது. சூப்பர்வைசர் நாங்கள் யாரையோ வைகிறோம் என்று நினைத்துக்கொண்டார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட். பயமில்லை என்று எழுதினால் பொய். ஆனால் ஓடிப்போய்க் குழாயடியில் நிற்கிற பயம் இல்லை. உனக்காக துஆ கேட்கிறேன். நீயும் எனக்காகக் கேள்.

அம்மா


அமராவதி நகர்
9-9-1994

அம்மா,

ரஸ்க் வந்தது. நான் இன்னும் பிரிக்கவில்லை.

மயிலாள் அக்காவுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டாம். அவர்கள் சாரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

டெஸ்டுக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டுப் போகாமல் இருக்க முடியுமா? டெஸ்ட் மார்க் சேராது என்று நினைக்கிறேன். போக வேண்டாம்.

இந்தக் கடிதம் சனிக்கிழமைக்குள் வந்துவிட வேண்டும்.

நூருல்லா


திருப்பூர்
18-9-1994

நூருல்லா,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. டெஸ்ட் ஞாயிற்றுக்கிழமையே முடிந்துவிட்டது.

பேப்பரைச் சார் இன்றைக்கு வகுப்பில் கொடுத்தார். எனக்கு முட்டை. மயிலாளுக்கும் முட்டை. இரண்டு பேரும் ஒரே மாதிரி தப்புச் செய்திருந்ததால் ஒருத்தியைப் பார்த்து இன்னொருத்தி எழுதியிருப்பாள் என்று சார் நினைத்துவிட்டார். "இக்கட்ட வந்து ஒரு கணக்குப் போடுங்கம்மா, பாக்கலாம்" என்று என்னைப் போர்டுக்குக் கூப்பிட்டார். போனேன். மயங்கி விழவில்லை. தைரியமாகப் போட்டேன், உன் வேலி, உன் திருப்பூர், உன் உடுமலை எல்லாம் சொல்லித்தான் போட்டேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. "அந்தப் பக்கம் போனாக் குறி மாறோணுமுங்க. கூட்டல் கழித்தலாகும், கழித்தல் கூட்டலாகும். இது ஆனா ஆவன்னா மாதிரிங்க. யாரு உங்களுக்கு இப்படிச் சொல்லிக் குடுத்தது?" என்றார். "நானாத்தானுங்க அப்படிப் புரிஞ்சுக்கிட்டேன்" என்றேன்.

வெளியே வந்ததும் மயிலாள் நடுரோட்டில் நின்றுவிட்டாள். "உன்ற பையன் சொன்னான் சொன்னான்னு என்னையுமல்ல சேத்திக் கெடுத்துப்போட்டே. இனி எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நான் மறுக்கா அங்க போவேன் சபுரா?" என்று அழுதாள். காலேஜுக்கு இனி வர மாட்டாளாம். நாளைக்கும் என் எதிரேதான் நிற்கப்போகிறாள். எப்படி அவள் முகத்தைப் பார்ப்பது?

வீட்டுக்கு வந்து உன் கடிதத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். கம்பெனியில் பனியன் பீஸ் பார்க்கிற மாதிரி பார்த்தேன். நான் பத்து வருஷமாக ஓட்டை பார்த்து ஸ்டிக்கர் ஒட்டுகிறவள் என்பதை மறந்துவிட்டாயே! மெஷினில் ஊசி உடைந்து விழுந்த ஓட்டை என்றால் சுற்றிலும் இழை சுருண்டு, நூல் ஓடியிருக்கும். பிசிறு நறுக்கும்போது கத்தரி பட்ட ஓட்டை என்றால் விளிம்பு நேராக இருக்கும். இது எந்த ஓட்டை என்று தடவிப் பார்த்தே சொல்வேன். உனக்குத் தெரியாமல் வந்த தப்பாக இருந்தால் விடை பின்னமாக எங்கேயாவது இழுத்துக்கொண்டு நின்றிருக்கும். நான் அனுப்பிய கணக்கை உன் வழியில் போட்டால் அப்படித்தான் நிற்கிறது, அதை நீ தொடவே இல்லை. உன் இரண்டு கணக்கிலும் தப்பு வழியிலேயே போய் முழு எண் வருகிறது. ஒன்பது. மூன்று. பிசிறே இல்லை. அப்படி வரும்படி எண்ணைத் தேடித் தேடிப் பொறுக்கியிருக்கிறாய். கையும் கத்தரியுமாக உட்கார்ந்து செய்த வேலை இது.

கணக்குப் போனது போகட்டும். முதல் தடவையாகக் கை வேர்க்கவில்லை என்று உனக்கு எழுதினேனே, அதை நீ படித்தாய் அல்லவா? படித்துவிட்டு எப்படி இருந்தாய்?

காலாண்டு விடுமுறைக்கு வா. பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன்.

அம்மா


அமராவதி நகர்
9-10-1994

அம்மாவுக்கு,

விடுமுறையில் வீட்டில் இருந்த நாளெல்லாம் நீங்கள் கேட்பீர்கள் கேட்பீர்கள் என்று பார்த்தேன். கேட்கவே இல்லை. கறிக்குழம்பு வைத்தீர்கள், சட்டை எடுத்துக் கொடுத்தீர்கள். அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். நேரில் எனக்கு வாய் வராது, அதனால் எழுதுகிறேன்.

வேண்டுமென்றுதான் செய்தேன். எண்களைப் பொறுக்க ஒரு மாலை முழுக்க ஆயிற்று. நீங்கள் பெயிலாக வேண்டும், என்னைக் கூட்டிப் போக வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை. இங்கே யாரும் என்னை ஒன்றும் செய்யவில்லை. எல்லோரும் நல்லவர்கள்தான். ஆனால் ஒரு நாள் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது அத்தாவின் குரல் எப்படி இருக்கும் என்று யோசித்தேன். வரவில்லை. சரி, உங்கள் குரலை நினைத்துப் பார்க்கலாம் என்று பார்த்தேன். அதுவும் உடனே வரவில்லை. வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டேன். அத்தா மவுத்தானதால் மறந்தது. நீங்கள் இருக்கும்போதே மறந்தால் என்ன செய்வது?

திருப்பூரில் சபுரா பீவி உடுமலையிலும் சபுரா பீவிதான் என்று எழுதினேன். பொய். இந்தப் பக்கம் வந்தால் மாறத்தான் செய்கிறது. நான் அங்கே இருக்கும்போது இப்படிச் செய்கிறவனாக இல்லை.

விடுமுறையில் உங்கள் கால் வீங்கியிருந்ததைப் பார்த்தேன். கட்டிலுக்கு அடியில் நீங்கள் கணக்குப் போட்டு அடித்து அடித்து வைத்திருந்த தாள்களையும் பார்த்தேன். மயிலாள் அக்கா நம் வாசல் வழியாகப் போகும்போது தலையைத் திருப்பிக்கொண்டு போனதையும் பார்த்தேன். அவர்களுக்குத் தனியாக ஒரு கடிதம் இதற்குள் வைத்திருக்கிறேன். கொடுத்துவிடுங்கள். நீங்கள் படித்துவிட்டுக் கொடுத்தாலும் சரி.

நூருல்லா


திருப்பூர்
16-10-1994

சாப்பிட்டாயா சாமி? தூங்கினாயா?

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு நான் அழுத அழுகையைப் பார்த்துப் பக்கத்து வீட்டு காத்தூன் பீவி, ஊரில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று ஓடிவந்துவிட்டாள். விடுமுறையில் நான் ஏன் கேட்கவில்லை தெரியுமா? கேட்டால் நீ அழுவாய், நீ அழுதால் திருப்பி அனுப்ப எனக்குத் தெம்பு இருக்காது. அவ்வளவுதான்.

பஸ் ஸ்டாண்டில் சொன்னதை நான் இன்றோடு திருப்பி எடுத்துக்கொள்கிறேன். என் பாஸ், பெயிலை உன் தலையில் கட்டியிருக்கக்கூடாது. அம்மா தோற்றால்தான் வீட்டுக்கு வர முடியும் என்றால் பிள்ளை வேறு என்னதான் வேண்டிக்கொள்வான்?

இதனுடன் ஒரு தபால் கார்டு வைத்திருக்கிறேன் பார். என் விலாசத்தை எழுதியிருக்கிறேன். மற்றப் பக்கம் வெறுமையாக இருக்கிறது. உன்னால் இருக்கவே முடியவில்லை என்றால் அதில் ஒன்றும் எழுத வேண்டாம், காரணமும் சொல்ல வேண்டாம். அப்படியே தபால் பெட்டியில் போடு. கார்டு கைக்கு வந்த மறுநாள் அங்கே வந்து நிற்பேன். நான் பாஸானாலும் சரி, பெயிலானாலும் சரி. வந்தால் மறுபடியும் சின்னத்தா கோடவுன்தான், வேறு வழி என்னிடம் இல்லை. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீயே பார்த்துக்கொள்.

உன் கடிதத்தை மயிலாளிடம் கொடுத்தேன். படித்தாள். மதியம் அவள் டப்பாவில் இருந்த வடையில் பாதியைப் பிய்த்து என் பக்கம் தள்ளினாள்.

அம்மா


அமராவதி நகர்
30-10-1994

அன்புள்ள அம்மாவுக்கு,

கார்டு பத்திரமாக இருக்கிறது.

இந்தத் தடவை ஒழுங்காகச் சொல்கிறேன். வேலியைத் தாண்டுவது என்று ஒன்றும் கிடையாது. சமக்குறி ஒரு தராசு. 3x + 6 = 21 என்றால் இரண்டு தட்டும் சமமாக நிற்கிறது. ஆறு நமக்கு இடைஞ்சல். அதனால் இந்தத் தட்டிலிருந்து ஆறை எடுக்கிறோம். எடுத்தால் சாய்ந்துவிடும். ஆகவே அந்தத் தட்டிலிருந்தும் ஆறை எடுக்கிறோம். 3x = 15. x = 5. இதைத்தான் குறி மாறுகிறது என்று சார் சொல்கிறார்.

நான் சொல்வதை நீங்கள் இனி நம்ப வேண்டாம். இதற்காகத்தான் முக்கியமாக எழுதுகிறேன். விடை வந்ததும் அதை x இருந்த இடத்தில் திரும்ப உள்ளே போட்டுப் பாருங்கள். நான் முன்பு 9 என்று சொன்னேன் அல்லவா? போடுங்கள். மூவொன்பது இருபத்தேழு, அதோடு ஆறு, முப்பத்து மூன்று. இருபத்தொன்று வர வேண்டிய இடத்தில் முப்பத்து மூன்று வருகிறது. பீஸ் செகண்ட்ஸ், குறை உள்ளது. ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளுங்கள். 5 போடுங்கள். மூவைந்து பதினைந்து, அதோடு ஆறு, இருபத்தொன்று. பாஸ்.

சரியாக வந்துவிட்டால் கையை எடுத்துவிட வேண்டும். கட்டிலுக்கு அடியில் இருந்த தாள்களில் நீங்கள் அடித்து வைத்ததில் பல கணக்குகள் சரி. குற்றம் தேடித் தேடிப் பழகி, நல்ல பீஸையும் அடித்திருக்கிறீர்கள். இப்படிப் பார்த்தால் யாரையும் நம்ப வேண்டியதில்லை. சாரையும், புத்தகத்தையும், என்னையும்.

பின்னால் இருபது கணக்கு எழுதியிருக்கிறேன். சிலவற்றுக்குத் தப்பான விடை போட்டிருக்கிறேன். எவை என்று சொல்ல மாட்டேன். நீங்களே கண்டுபிடியுங்கள்.

நூருல்லா


திருப்பூர்
11-12-1994

சாப்பிட்டாயா சாமி? குளிருக்குப் போர்வை போதுமா?

பரீட்சை முடிந்தது. கணக்குப் பேப்பர் கைக்கு வந்ததும் பழைய வேர்வை எல்லாம் வந்துவிட்டது. எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஓடியது. பிஸ்மி சொல்லிக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, முதல் கணக்கை எடுத்து, இரண்டு தட்டிலும் எடுத்தேன். விடை வந்தது. உள்ளே போட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது. கை தானாக அடிக்கப் போனது. "கையை எடு" என்று உன் குரல் கேட்டது. எடுத்துவிட்டேன். ஒரு கணக்கு மட்டும் உள்ளே போட்டால் உதைத்தது. திரும்பப் போட்டேன், கழித்தலில் கோட்டை விட்டிருந்தேன். திருத்தினேன். நீ அனுப்பிய இருபதிலும் தப்பை எல்லாம் பிடித்துவிட்டேன், தெரியுமல்லவா? ஏழு செகண்ட்ஸ். களவாணி!

இதை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியாது. நடுவில் கொஞ்ச நேரம் பேனாவை மூடி வைத்துவிட்டேன். பாஸ், பெயில் என்னுடையது என்று உனக்குப் பெரிதாக எழுதிவிட்டேன். ஆனால் அங்கே உட்கார்ந்திருக்கும்போது, இதோடு எழுந்து போய்விட்டால் என்ன என்று தோன்றியது. பெயில் என்றால் உன்னைக் கூட்டி வர எனக்கு ஒரு சாக்குக் கிடைக்கும். நீ கார்டு போடவும் வேண்டாம். உன்னை வீட்டில் வைத்துச் சோறு போட வேண்டும் என்று எனக்கும்தானே ஆசை இருக்கிறது? மயிலாள் முன் பெஞ்சில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். ஆமாம், அவள் போன மாதமே திரும்ப வந்துவிட்டாள். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுப் பேனாவைத் திறந்தேன்.

தபால்காரர் நம் தெருவில் திரும்பினாலே வாசலுக்கு ஓடிவிடுகிறேன். கார்டு இல்லை என்றால் நிம்மதியாக இருக்கிறது. அப்புறம் உட்கார்ந்து அழுகிறேன்.

அம்மா


திருப்பூர்
29-1-1995

சாப்பிட்டாயா சாமி?

ரிசல்ட் வந்துவிட்டது. பாஸ். கணக்கில் அறுபத்து நாலு. மயிலாளும் பாஸ், அவளுக்கு ஐம்பத்தெட்டு. "உன்ற பையன் குடுத்த மார்க்குதான்" என்று கம்பெனி முழுக்கச் சொல்லிவிட்டாள். சின்னத்தா வந்து, "என்னமோ போ, சாதிச்சுப்போட்டே" என்றார்.

நோன்பு பிறக்கப்போகிறது. வீட்டைக் கழுவிவிட்டேன். வேறு எழுத வரவில்லை. பி.காம். சேருவதற்கு அடுத்த மாதம்வரை நாள் இருக்கிறது. உன் கார்டுக்காக அதுவரை காத்திருக்கிறேன்.

அம்மா


அமராவதி நகர்
5-2-1995

அம்மா,

கார்டைக் கண்டதும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். திருப்பிப் பாருங்கள், எழுதியிருக்கிறேன். இது அந்தக் கார்டுதான். இதை எடுத்துக்கொண்டு தபால் பெட்டிவரை பல தடவை போயிருக்கிறேன். வெறுமையாக வைத்திருந்தால் என்றைக்காவது போட்டுவிடுவேன் என்று பயமாக இருக்கிறது. அதனால் எழுதி நிரப்புகிறேன்.

நீங்கள் பாஸ் என்று படித்ததும் சந்தோஷம் என்று எழுத நினைத்தேன். உண்மைதானா என்று உள்ளே போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் வருகிறது. அழுகையும் வருகிறது.

பெருநாளுக்கு லீவு தருகிறார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு வாருங்கள். நாளைக்கே போய்ப் பி.காம். சேர்ந்துவிடுங்கள். அதில் என்ன கணக்கு வரும் என்று கேட்டு எழுதுங்கள், நான் முன்னாடியே படித்து வைக்கிறேன்.

சாப்பிட்டீர்களா? கால் வீக்கம் எப்படி இருக்கிறது?

இடம் முடிந்துவிட்டது. இனி வெறும் கார்டு அனுப்ப வேண்டாம்.

நூருல்லா